ஐந்நூறு குறைந்த தலைவர்

1

கண்டிக்கு வந்து மூன்றாம் நாள். பெரஹரா ஊர்வலக் காலம் என்பதால் பாதி வீதியை மூடிவைத்திருந்தார்கள். எங்கெங்கோ சுற்றி நடந்து, பழைய சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்குப் போக அம்பிட்டிய பஸ்ஸுக்குள் ஏறி, இரண்டு ஆசனம் சேர்ந்தாற்போல் கிடைத்த சந்தோஷத்தில் நான் இருந்தபோது, பக்கத்தில் இருந்த என் மகன் இனியன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அம்மா, நான் ஸ்லுத்தே பண்ணலாம்னு இருக்கேன்."

ஸ்லுத்தே என்றால் நோர்வே மொழியில் நிறுத்துவது. வேலையை நிறுத்தினாலும் அந்தச் சொல்தான், சிகரெட்டை நிறுத்தினாலும் அந்தச் சொல்தான். ஒரு நொடி, இவன் எனக்குத் தெரியாமல் சிகரெட் பிடித்திருந்து அதைத்தான் நிறுத்தப்போகிறானோ என்று நான் ஆசைப்பட்டேன். பெற்ற வயிறு எதற்கெல்லாம் ஆசைப்படும் பாருங்கள்.

"என்னத்த ஸ்லுத்தே பண்ணப்போற?"

"படிப்ப."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். எங்கே இறங்குகிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர் இரண்டு தரம் கேட்ட பிறகு, இனியன்தான் தன் உடைந்த தமிழில் இடத்தைச் சொன்னான்.

நான் நோர்வேயில் பேர்கன் நகரத்துக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. கல்யாணம் முடித்துப் போனவள். மழைக்குப் பேர்போன ஊர் அது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு மழை ஒரு விஷயமில்லை. அங்கே ஒரு பாலர் பள்ளியில் வேலை. சின்னதுகளுக்குக் கோட்டும் பூட்ஸும் மாட்டி, வெளியே விட்டு, திரும்பக் கழற்றி, காயவைத்து, மறுபடி மாட்டுவதில் என் நாள் போய்விடும். இந்த முறை கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகனும் மட்டும் வந்திருந்தோம். அவன் தாதியர் படிப்பில் முதல் வருடத்தை முடித்திருந்தான். இரண்டாம் வருடத்துக்கு இணையத்தில் பதிவு செய்யவேண்டும். அதற்கான கடைசி நாள், நாங்கள் கண்டியில் இருக்கிற அந்த வாரத்துக்குள்ளேயே வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவன் அமுக்கமாட்டேன் என்கிறான்.

"ஏன்?"

"நான் ஆம்பிளங்கிறதுக்காகத்தானே என்னை எடுத்தாங்க."

பஸ் வளைவில் சாய்ந்தது. எனக்கு அந்த வாக்கியம் புதிது இல்லை. அதே வாக்கியத்தை என்னைப் பற்றி நானே இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

2

முதலில் அவன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நோர்வேயிலும் தாதியர் படிப்புக்குப் பையன்கள் வருவது குறைவு. இனியனின் வகுப்பில் மொத்தமே நான்கு பையன்கள். அவன் சேர்ந்த கல்லூரியில் ஆள் குறைந்த பக்கத்துக்குக் கொஞ்சம் புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். பொறியியல் மாதிரிப் படிப்புகளில் பெண்களுக்குக் கூட்டுவதும் உண்டு. இவனுக்கு ஆண் என்பதற்காகக் கூட்டினார்கள். உள்ளே வந்துவிட்டான்.

வந்த முதல் வாரமே இவனை வகுப்புப் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். யாரும் வாக்குப் போடவில்லை. "ஒரு பையன் இருக்கட்டுமே" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் கைதட்ட, காரியம் முடிந்தது. அன்று போனில் அவன் பெருமையாகத்தான் சொன்னான். நானும் வாட்ஸ்அப்பில் கண்டி, கொழும்பு, சென்னை என்று ஒரு சொந்தம் விடாமல் செய்தியைப் பரப்பினேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடங்கியதும் பெருமை கழன்றது. இவன் வார்டுக்குள் போனால் நோயாளிகள் டொக்டர் என்று நினைத்து எழுந்து உட்காருவார்களாம். பின்னால் வரும் நிஜ டொக்டர் பெண்ணாக இருந்தால் அவரிடம் தண்ணீர் கேட்பார்களாம். இவன் ஒரு கட்டில் விரிப்பை ஒழுங்காக விரித்தால் "எவ்வளவு நல்ல பையன்" என்று பாராட்டு. பக்கத்தில் ஆறு கட்டில் விரித்த பெண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை. கனமான நோயாளியைத் தூக்க வேண்டுமென்றால் மட்டும் நாலாபக்கமும் இவன் பெயர்தான். அதனால் முதுகுவலி வேறு.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டான். பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் மரீ என்ற வகுப்புத் தோழி சொல்லியிருக்கிறாள்: "என் சிநேகிதிக்கு உன்னைவிட மதிப்பெண் கூட. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை." சண்டைக்குச் சொல்லவில்லையாம். உப்பை எடுத்துத் தா என்பதுபோலச் சொன்னாளாம்.

"அதுக்குப் பிறகு வகுப்புக்குள்ள போனா, வேற ஒரு பொண்ணோட கதிரையில இருக்கிற மாதிரியே இருக்கும்மா."

"புள்ளியைக் கூட்டினாங்க, வாங்கிக்கிட்ட. பேசாம படி" என்று நான் பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். தாய்மார்கள் யோசிக்காமல் சொல்லும் வாக்கியங்களுக்கு ஒரு போட்டி வைத்தால் இதற்குப் பரிசு கிடைக்கும். அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முந்தின நாள் மடுல்கெல்லையில் நடந்ததும் அவனைச் சுட்டிருக்கவேண்டும். என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் ஆசையாகத்தான் கேட்டார்.

"மருமகன் என்னா படிக்கிறீங்க?"

"தாதி படிக்கிறேன், மாமா."

"தாதியா? அது பொம்பளைங்கல்ல!" என்று அண்ணன் சிரித்தார். அண்ணி சிரித்தார். டீயோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் என்னவென்று தெரியாமலே சிரித்துவைத்தாள்.

"அப்ப ஆம்பிளைக்கு என்ன சொல்றது?" என்று இனியன் உண்மையாகவே கேட்டான். அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, "மேல் நர்சுன்னு சொல்லலாம். ஆனா நான் ஒருத்தரையும் பார்த்ததில்ல" என்றார். நான் குறுக்கே விழுந்து, "தாதியர்னு சொல்லு. அது ரெண்டு பேருக்கும் பொது" என்றேன். அவன் அதைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப்பார்த்தான்.

3

என் கம்பஸும் கண்டிப் பக்கம்தான். பெயர் வேண்டாம்.

கலைப்பீடத்தில் தமிழ் மொழி மூலம் படித்தோம். எங்கள் வருடத்தில் பையன்கள் ஐந்து பேர். பெண்களை நான் எண்ணியதில்லை. எண்ணத் தொடங்கினால் முடிப்பதற்குள் கதவால் இன்னும் நாலு பேர் வருவார்கள். காரணம் பெரிய இரகசியமில்லை. எங்கள் தோட்டத்துப் பையன்கள் பத்தாம் வகுப்போடு கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் ஏ.எல். உயர்தரப் பரீட்சை வரை தம் பிடித்தோம். படிப்பில் நின்ற பையன்களும் கணிதம், விஞ்ஞானம் என்று வேறு பக்கம் போனார்கள்.

இத்தனை பெண்கள் இருந்தால் அது பெண்களின் ராஜ்ஜியமாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நோர்வேயில் என்னோடு வேலை செய்பவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இல்லை. ஐந்து பையன்கள் இருந்ததால் அந்த ஐந்து பேருக்கும் விலை ஏறியது, அவ்வளவுதான்.

அவர்கள் விரிவுரைக்கு வராவிட்டால் குறிப்பு தேடி வரும். அதுவும் நாலைந்து கையெழுத்தில், நல்லதைத் தெரிந்து எடுக்கலாம். கன்டீனில் அவர்களுக்கென்று ஒரு மேசை. இருட்டிய பிறகு லைப்ரரியிலிருந்து ஹொஸ்டலுக்குப் போவதென்றால் ஒரு பையன் துணைக்கு வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். பையன் ஒருவன் முன்னால், பின்னால் பதினைந்து பெண்கள், வாத்துக்கூட்டம் மாதிரி. யார் யாருக்குக் காவல் என்று யாருக்கும் தெரியாது. நாய் குரைத்தால் முதலில் ஓடுவது எங்கள் சுதாகர்தான்.

நாடகம் போட்டால் ராஜா, மந்திரி, சேவகன் எல்லாருக்கும் பெண்களே மீசை ஒட்டி நடித்தோம். பையன் பற்றாக்குறை. மேடையில் ராஜாவாக ஒட்டு மீசை போதும். தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவராக மட்டும் முளைத்த மீசை வேண்டும். தலைவர் பையன், உபதலைவர் பெண். சங்கத்தின் யாப்பிலேயே, அதாவது எழுதிவைத்த விதிகளிலேயே, அப்படித்தான் இருக்கிறது என்று முதல் நாளே சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நாங்களும் அடுத்த வருடம் வந்தவர்களுக்கு அதையே ஒப்பித்தோம்.

சங்கத்தின் கூட்டங்கள் எல்லாம் ஆண்கள் ஹொஸ்டலின் பொது அறையில், பெண்கள் ஹொஸ்டல் கேட் பூட்டிய பிறகு நடக்கும். முடிவுகள் காலையில் எங்களுக்கு வந்து சேரும். கோலம் போடுவது, குத்துவிளக்கு துலக்குவது, ஐம்பது பேருக்கு வடை சுடுவது என்று எங்கள் பங்கும் அதில் தெளிவாக எழுதியிருக்கும்.

இதில் பையன்களுக்கு மட்டும் சுகம் என்று சொன்னால் அது பொய். சுதாகருக்குப் பேச்சு திக்கும். நல்ல பையன், நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கவே கூசுவான். இரண்டாம் வருடத்தில் புது மாணவர் வரவேற்புக்கு அவனைத்தான் பேசவிட்டார்கள். அவன் ஆண் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. எட்டே வரி உரை. எழுதிக் கொடுத்தவள் நான். "அன்பார்ந்த" என்ற முதல் சொல்லில் அவன் நின்றுவிட்டான். மண்டபத்தில் பின்வரிசை சிரித்தது. எட்டு வரியும் என் வாய்க்குள் மனப்பாடமாக இருந்தது. நான் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கவேண்டும் போல இருக்கிறது.

4

இனி என் ஐந்நூறு.

நம் பழைய அடையாள அட்டை இலக்கம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த வருடத்தின் இரண்டு இலக்கம், பிறகு வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டிப் போடுவார்கள். என் இலக்கத்தில் அந்த ஐந்நூறு இல்லை.

பிழை அட்டையில் தொடங்கவில்லை. என் பெயர் சிவமணி. அப்பா தோட்டத்திலிருந்து போய்ப் பிறப்பைப் பதிந்தபோது, பெயரை மட்டும் கேட்ட உத்தியோகத்தர், பையன் என்று தானே முடிவு செய்துவிட்டார் போலும். பத்திரத்தில் 'புருஷ' என்று சிங்களத்தில் எழுதினார். அதற்கு ஆண் என்று அர்த்தம். அப்பாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. அட்டை வந்தபோது நான் என் படம் கறுப்பாக விழுந்திருக்கிறதே என்றுதான் கவலைப்பட்டேன்.

கம்பஸில் ஹொஸ்டலுக்கு இடம் கேட்டுப் போன அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே இருந்த லிகிதர் அம்மா என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஒயா பிரிமி ளமயெக்னே!"

நீ ஆம்பிளைப் பிள்ளையல்லவா என்கிறார். எனக்குச் சடை இடுப்பு வரை இருந்தது.

ஆண்கள் ஹொஸ்டலில் எனக்குக் கட்டில் ஒதுக்கியாயிற்று, சுதாகரின் அறையில். அங்கே கட்டில்கள் காலியாகக் கிடந்தன. பெண்கள் ஹொஸ்டலில் இருவர் இருக்கும் அறையில் நால்வர் இருந்தார்கள். வார்டன், பட்டியலில் இல்லாதவளுக்குக் கட்டில் தரமாட்டேன் என்றார். அப்போது நடுக்கூடத்தில் பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்.

"ஏன் பிள்ளை அழுறீர்? வாரும், என்ர அறையில ஒரு பாய் விரிக்கலாம்."

அவள்தான் நளாயினி, யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு வாரத்தில் 'நீர்' போய் 'நீ' ஆனது. நான்கு வருடமும் அவள் அறைத் தரையில் தான் படுத்தேன். பிறந்த அன்றே எனக்குப் புருஷனை எழுதிவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிழையைத் திருத்தச் சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி, மூன்று கந்தோர் ஏறி இறங்கினேன். அது சரியாகி வந்தது கம்பஸ் முடிந்த பிறகு, பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான்.

5

மூன்றாம் வருடம் தலைவர் பதவி எங்கள் வருடத்துக்கு வந்தது. சுதாகர் கைகூப்பி, "எ... என்னை விட்டுருங்க" என்றான். மற்ற நாலு பேரும் நைசாக நழுவினார்கள். ஒருவனுக்குக் கண்டி டவுனில் மாலை வேலை. மற்றவர்களுக்குத் திடீரென்று படிப்பில் ஆசை வந்துவிட்டது. தலைவர் இல்லாமல் அந்த வருடச் சங்கம் இயங்காது என்று பேச்சு வந்தது. அத்தனை பெண்கள் இருந்தோம். சங்கத்தைப் பூட்டுவோம் என்று பேசினோமே தவிர, ஒருத்தியை வைப்போம் என்று யாரும் பேசவில்லை.

அந்தப் பதவிக்கு நளாயினியை விட்டால் ஆள் இல்லை. பேச்சு, பாட்டு, நிர்வாகம், கோபம் எல்லாம் அளவாக உள்ளவள். அது அவளுக்கும் தெரியும். ஒருநாள் பின்னேரம் பாயில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"என்ர ஐந்நூறு சரியா இருக்கு. அதால நான் நிக்கேலாது. உன்ரயில தானே பிழை. நீ நில்லடி."

முதலில் பகிடி என்று நினைத்தேன். அவள் அடுத்த நாளே படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். சங்கத்தின் பெரும் பொருளாளராக இருந்த விரிவுரையாளர், பீடத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சிவமணி, ஆண். சேலை கட்டி எதிரே நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். "பட்டியல்ல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். போட்டிக்கு யாரும் இல்லை. நான் தலைவர்.

பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. கலைவிழா நடத்தினோம். கூட்டங்களை ஆண்கள் ஹொஸ்டலிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு, பின்னேரம் நாலு மணிக்கு மாற்றினேன். அவ்வளவுதான். அடுத்த வருடம் மறுபடி ஒரு பையன் வந்தான். 'தலைவர் பையன்' என்ற யாப்பை மாற்றவேண்டும் என்று நான் பேசவில்லை. பேசினால், நீ எப்படி வந்தாய் என்று கேட்பார்களே என்ற பயம். வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்கி, கல்யாணம் முடித்து, விமானம் ஏறிவிட்டேன்.

நளாயினியின் இடத்தில் கள்ளத்தனமாக உட்கார்ந்தவள் என்ற எண்ணம் மட்டும் என்னோடு ஏறி வந்தது. வாரம் ஒரு தரம் அவளோடு பேசுவேன். இதை மட்டும் கேட்டதில்லை. அவள் ஆம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?

6

நளாயினி படித்த இடத்திலேயே விரிவுரையாளராகி, அம்பிட்டிய மேட்டில் வீடு கட்டியிருக்கிறாள். நாங்கள் படியேறிப் போய்ச் சேர்ந்தபோது மேசையில் மத்தியானச் சாப்பாடு தயாராக இருந்தது. பஸ்ஸில் நடந்ததை நான் மறைக்கவில்லை. அவளிடம் எனக்கு மறைக்கவும் வராது.

"தம்பி, உனக்கு உன்ர அம்மான்ர ஐந்நூறு கதை தெரியுமோ?" என்று அவள் தொடங்கினாள்.

நான் கண்ணால் சாடை காட்டினேன். அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விடவில்லை. புருஷ, சடை, பாய், படிவம், சேலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இனியன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நோர்வேயில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேள்வியைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அன்ரி, அது உங்கட இடம்தானே? உங்களுக்குக் கோவம் இல்லையா?"

நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"இருந்தது" என்றாள் நளாயினி. "ஏன் இல்லாமல்? உன்ர அம்மா மேடையில மாலையோட இருக்க, நான் பின்னால நிண்டு பெட்டி தூக்கினன். நானே தள்ளிவிட்டு நானே எரிஞ்சன். மனுசர் எண்டால் அப்பிடித்தான்."

"இப்பவும் இருக்கா?"

"பாதி, கூட்டத்தை நாலு மணிக்கு மாத்தின அண்டைக்கே போயிட்டுது. அதுக்குப் பிறகுதான் நாங்கள் ஒரு முடிவு எடுக்கேக்க அறைக்குள்ள இருந்தம். அது சின்ன விசயமில்லை."

"மிச்சப் பாதி?"

நளாயினி என் பக்கம் திரும்பவில்லை. அவனிடமே சொன்னாள்.

"இவள் ஒருநாளாவது என்னட்டைக் கேப்பாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். இருவது வருசத்துக்கு மேல. கடைசியில நீ கேட்டிட்டாய்."

நான் அழுதேன். எச்சில் கையோடு, அந்த மேசையிலேயே. "மன்னிச்சிருடி, கேட்க எனக்குப் பயமா இருந்துச்சு" என்றேன். அவளும் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "பொறு, நீ இன்னும் அழவேண்டிக் கிடக்கு" என்று எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள்.

இப்போது அந்தச் சங்கத்துக்குப் பெரும் பொருளாளர் அவள்தான். பொறுப்பு எடுத்தபோது பழைய கோப்புகளும் அவளிடம் வந்திருக்கின்றன. அதில் ஒரு பழுப்புத் தாளை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சங்கம் தொடங்கிய காலத்து யாப்பு. கையெழுத்தில் ஒரு வரி: தலைவர், உபதலைவர் ஆகிய இரு பதவிகளில் ஒன்றிலேனும் மாணவி ஒருவர் இருத்தல் வேண்டும்.

நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"ஒன்றிலேனும்" என்றாள் நளாயினி. "விளங்குதோ? குறைஞ்சது ஒண்டு. ரெண்டிலயும் இருந்தாலும் குற்றமில்லை. அந்தக் காலத்தில பெம்பிளைப் பிள்ளையள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள். அவையளை ஒதுக்கிப்போடக் கூடாது எண்டு எழுதின வரி இது. பிறகு நாங்கள் பெருகிட்டம். வரியை ஒருத்தரும் திருப்பி வாசிக்கேல்லை. தலைவர் பையன், உபதலைவர் பெட்டை எண்டு வாயால சொல்லிச் சொல்லியே சட்டமாக்கிப் போட்டம்."

"அப்ப என் ஐந்நூறு..."

"தேவையே இல்லை. நீ சேலையோட, சடையோட, சரியான இலக்கத்தோட நிண்டிருக்கலாம். நானும் நிண்டிருக்கலாம். ரெண்டு பேரும் நிண்டிருந்தா வாக்கெடுப்பு நடந்திருக்கும்."

"நீ வென்றிருப்பே."

"ஓம், அதில என்ன சந்தேகம்?"

இருபது வருடத்துக்கு மேலாகக் கள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கள்ளி இல்லை, வெறும் மக்கு என்று அன்று மத்தியானம் தெரியவந்தது. மக்காக இருப்பதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மனம் விட்டுச் சிரித்தேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேட்டால் தானே சொல்லுறதுக்கு" என்றாள்.

இனியன் அந்தத் தாளை எடுத்து, தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இந்த ரூல் ஆள் கொஞ்சமா இருந்தவங்களுக்குத்தான் போட்டது?"

"ஓமப்பு."

"எனக்குப் புள்ளி கூட்டினாங்களே, அந்த மாதிரி."

"அந்த மாதிரித்தான்."

அவன் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தான். நான் வாயைக் கொடுக்கவில்லை. முதல் தரமாகப் புத்தி வந்திருந்தது.

7

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை, நளாயினி வீட்டு முன்விறாந்தையில் உட்கார்ந்து அவன் போனில் நீளமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். மரீக்கு எழுதுகிறேன் என்றான். அந்தச் சிநேகிதிக்கு என்ன ஆனது என்று அவனும் இவ்வளவு நாளும் கேட்கவே இல்லையாம். தாயைப் போலத்தானே பிள்ளை.

பத்து மணிபோலப் பதில் வந்தது. அவனே எனக்குத் தமிழில் சொன்னான். அந்தப் பெண்ணுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து வேறொரு ஊரில் இடம் கிடைத்துவிட்டதாம். போன வருட ஓகஸ்ட் முதலே அங்கே அதே படிப்புத்தான் படிக்கிறாளாம். கடைசி வரியில் மரீ எழுதியிருந்தாள்: நீ அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே.

பொத்தானை அமுக்கப்போகிறான் என்று நினைத்தேன். அமுக்கினான். ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொண்ணு எழுதணும். அந்தப் பிரதிநிதி வேலைய விடப்போறேன்."

"ஏன்டா, அதையும் ஏன்?"

"படிப்புக்கு நான் மார்க் எடுத்தேன். கொஞ்சம் கூட்டினாங்க, சரி. இதுக்கு என்னை யாரும் தேர்ந்தெடுக்கல. சும்மா கைதட்டினாங்க. ஒழுங்கா வாக்கெடுப்பு வைங்கன்னு எழுதுறேன். நானும் நிப்பேன்."

"தோத்தால்?" என்று உள்ளே இருந்து நளாயினி கேட்டாள்.

"தோத்தா தோத்ததுதான், அன்ரி."

அவள் வெளியே வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எடியே, இவன் உன்ர பிள்ளைதானோ? கம்பஸில நீ கதிரையை விட்டு எழும்பவே இல்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதே நேரம் பெருமையாகவும் இருந்தது. அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பேர்கனுக்குத் திரும்பி மூன்று வாரம் இருக்கும். வேலையில் இருந்தேன். வெளியே மழை. ஒரு மூன்று வயதுக்காரியை மடியில் வைத்து இடது கால் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது இனியனின் அழைப்பு. வகுப்பு நேரத்தில் அழைக்கமாட்டான். பயந்துபோய் எடுத்தேன்.

"அம்மா, நான் தோத்துட்டேன்!"

அப்படி ஒரு சந்தோஷக் குரலை அவனிடம் ஒரு வருடமாக நான் கேட்டிருக்கவில்லை.

"யார் வென்றது?"

"மரீ. எனக்குப் பதினொரு வோட்டு."

"பதினொண்ணுதானா?"

"பதினொண்ணும்மா! பதினொரு பேர் நான் வேணும்னு எழுதிப் போட்டிருக்காங்க. சரி, வார்டுக்குப் போகணும், வைக்கிறேன்."

வைத்துவிட்டான். பிறகு சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தேன். மடியில் இருந்த குழந்தை, ஒற்றைப் பூட்ஸோடு என் முகத்தை அண்ணாந்து பார்த்து, ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டது.

"என் மகன் தோற்றுவிட்டான்" என்றேன்.